நெஞ்சுக்குள் ஒரு கருவி: வாட்ச்மேனா, லோடுமேனா?



முன்பெல்லாம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி சாப்பிடும்போது துவரம் பருப்பு விலையும் லாரி வாடகையும்தான் பேச்சாக இருக்கும். இப்போது யாருக்கு எந்த ஆஸ்பத்திரியில் என்ன வைத்தார்கள் என்பதில்தான் பேச்சே ஆரம்பிக்கிறது. ஸ்டென்ட் என்பது நமக்கெல்லாம் பழகிய சொல்லாகிவிட்டது. அதற்கு அடுத்தபடியாக, நெஞ்சில் தோலுக்கு அடியில் வைக்கும் கருவியைப் பற்றி அடிக்கடி கேட்கிறோம். அதைப் பற்றி நம்மவர்களிடம் உள்ள எண்ணம் ஒன்றுதான்: "மெஷின் வைத்துவிட்டால் ஹார்ட் பழையபடி வேலை செய்யும்." இது பாதி சரி, பாதி தவறு. தவறான பாதிக்கும் சேர்த்து லட்சக் கணக்கில் பணம் கட்டுகிறோம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறோம். நாம் டாக்டர் அல்ல, பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவர். நமக்கு வேண்டிய இரண்டு பேருக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது கேட்டதும், டாக்டர்கள் பொறுமையாக விளக்கியதும், பிறகு தேடிப் படித்ததும்தான் இதில் உள்ளவை.

முதலில் நோயைப் பார்ப்போம். 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் பெண்கள் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். இதயம் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள் அல்ல. இரத்தத்தை அடித்து அனுப்பும் பலம் குறைந்துவிட்டது என்பதே பொருள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மாலையில் கணுக்கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டி இரண்டு மூன்று தலையணை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பெரும்பாலும் முன்பு வந்த மாரடைப்பால் தசை செத்துப்போவதால் இது வருகிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, குடி, சில வைரஸ் காய்ச்சல், பரம்பரை ஆகியவற்றாலும் வருவதுண்டு.

எக்கோ ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'இ.எஃப்.' என்று ஒரு எண் இருக்கும். இதயத்தின் இடது அறையில் இருக்கும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு நூற்றுக்கு எத்தனை பங்கு வெளியே போகிறது என்ற கணக்கு அது. நல்ல இதயத்திலேயே அது 55, 60 என்றுதான் இருக்கும், நூறு இருக்காது. 35 அல்லது அதற்குக் கீழே இறங்கிவிட்டால்தான் கருவி பற்றிய பேச்சு வருகிறது.

இங்கேதான் குழப்பம். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் மூன்று வகைக் கருவிகள் உள்ளன. மூன்றும் பழைய பாக்கெட் கடிகாரம் அளவுள்ள உலோகப் பெட்டிதான். மூன்றிலிருந்தும் ஒயர் இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் போகிறது. ஆனால் செய்யும் வேலை வேறு வேறு.

சாதாரண பேஸ்மேக்கர், துடிப்பு மிகவும் குறைந்துபோகிறவர்களுக்கு உரியது. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு முப்பது நாற்பது என்று இறங்கி மயக்கம் போட்டு விழுகிறவர்களுக்கு, விட்டுப்போகும் துடிப்பை அது கொடுக்கிறது. இதயத் தசையின் பலவீனத்துக்கு அது மருந்து அல்ல.

இரண்டாவது ஐ.சி.டி. பலவீனமான இதயத்துக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. திடீரென்று கீழ் அறைகள் தாறுமாறாகத் துடித்து, இரத்தம் போவதே நின்று, சில நிமிடங்களில் உயிர் போய்விடும். "ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தார், காலையில் எழுந்திருக்கவில்லை" என்று நாம் கேள்விப்படும் மரணங்களில் பல இப்படிப்பட்டவை. ஐ.சி.டி. ஒவ்வொரு துடிப்பையும் கவனித்துக்கொண்டே இருக்கும். தாறுமாறு துடிப்பு வந்தால் உள்ளேயிருந்தே மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். மற்ற நேரமெல்லாம் சும்மாதான் இருக்கும். அதாவது இது குடோனுக்குப் போடும் வாட்ச்மேன். திருடன் வந்தால் பிடிப்பான். மூட்டை தூக்க மாட்டான்.

மூன்றாவது சி.ஆர்.டி. இதுதான் லோடுமேன் வேலைக்கு உதவுவது. இரண்டு லோடுமேன்கள் ஒரு மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தூக்கி அரை நொடி கழித்து மற்றவர் தூக்கினால் மூட்டை கோணிக்கொண்டு நிற்கும், இருவருக்கும் இடுப்புதான் போகும். சிலருடைய இதயத்தில் மின் ஓட்டம் ஒரு பக்கம் தாமதமாவதால் இடது அறையின் சுவர்கள் இப்படி முன்பின்னாகச் சுருங்குகின்றன. இருக்கும் கொஞ்ச பலமும் வீணாகிறது. சி.ஆர்.டி. இரண்டு பக்கமும் ஒயர் போட்டு இருவரையும் ஒரே நேரத்தில் தூக்க வைக்கிறது. பொருத்தமானவர்களுக்கு மூச்சு வாங்குவது குறையும், இ.எஃப். எண்ணும் ஏறும். யார் பொருத்தமானவர் என்பதை ஈ.சி.ஜி. தாளே சொல்லிவிடும். அதில் துடிப்புக் கோட்டின் அகலம் 120 மில்லி செகண்டுக்குள் இருந்தால் இந்தக் கருவியால் பயன் இல்லை. 150க்கு மேல் இருந்து, இடது பக்க மின்பாதை அடைப்பும் இருந்தால் நல்ல பயன் உண்டு. அப்படிப் பார்த்துப் பொறுக்கி வைத்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த குணம் தெரிவதில்லை என்பதையும் டாக்டர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். வாட்ச்மேன், லோடுமேன் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் கருவியும் உண்டு. அதற்குப் பெயர் சி.ஆர்.டி.-டி. விலையும் அதற்குத்தான் அதிகம்.

இந்தக் கருவிகள் வந்த கதையையும் சொல்லிவிடுகிறோம். வியாபாரிகளுக்குப் பிடிக்கும். உலகத்தில் முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது 1958 அக்டோபர் 8ஆம் தேதி, ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில். நோயாளி பெயர் ஆர்னே லார்சன், வயது 43. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி விடாமல் நச்சரித்ததால்தான் சென்னிங் என்ற டாக்டரும் எல்ம்க்விஸ்ட் என்ற இன்ஜினியரும் அவசரமாக அதைச் செய்தார்கள். பெட்டிக்கு அச்சு வேண்டுமே? ஷூ பாலிஷ் டப்பாவில் பிசினை ஊற்றி வார்த்தார்கள். அந்த முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. லார்சன் அதற்குப் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, அந்த டாக்டரும் இன்ஜினியரும் காலமான பிறகும் இருந்து, 2001இல் 86 வயதில்தான் கண்ணை மூடினார்.

ஐ.சி.டி.யைக் கண்டுபிடித்தவர் மிஷேல் மிரோவ்ஸ்கி. போலந்துக்காரர், யூதர். இரண்டாம் உலகப் போரில் குடும்பத்தையே இழந்தவர். 1966இல் அவருடைய மூத்த டாக்டர் ஒருவர் இந்தத் தாறுமாறு துடிப்பால் திடீரென்று இறந்துபோக, அந்த வருத்தத்தில் பிறந்த யோசனை இது. அமெரிக்காவில் பால்டிமோர் நகருக்குப் போய் மார்ட்டன் மோவர் என்பவரோடு சேர்ந்து வருடக் கணக்கில் உழைத்தார். இந்தக் கருவிக்குத் தேவையே இல்லை என்று அந்தக் காலத்துப் பெரிய இதய டாக்டர்களே 1972இல் எழுதினார்கள். 1980 பிப்ரவரி 4ஆம் தேதி ஒரு பெண்மணிக்கு அது முதன்முதலாக வைக்கப்பட்டது. அப்போது அது கால் கிலோ எடை. நெஞ்சைத் திறந்து ஒயரைத் தைத்து, பெட்டியை வயிற்றில் வைக்க வேண்டியிருந்தது. இப்போது நூறு கிராம்கூட இல்லை. தோளுக்குக் கீழே சிறு கீறல் போட்டு, பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே வைத்துவிடுகிறார்கள்.

இனி நாம் கண்ட இருவரைப் பற்றிச் சொல்கிறோம். ஊரும் பேரும் வேண்டாம்.

ஒருவர் நம்மிடம் முப்பது வருடமாகச் சரக்கு எடுக்கும் மளிகைக்காரர். இரண்டு வருடத்துக்கு முன்பு மாரடைப்பு வந்தவர். இ.எஃப். 27. ஒரு ஆஸ்பத்திரியில் ஐ.சி.டி. வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பில் பேசும் அறையில் உட்கார்ந்திருந்த அம்மாள், "மெஷின் வைத்தால் ஐயா பழையபடி கடைக்குப் போகலாம், மூச்சு வாங்குவது எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி மதிப்பீட்டுத் தாளை நீட்டினார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அதற்கென்று வைத்திருந்த தொகைதான் கையில் இருந்தது. மகன் நம்மைத் தேடி வந்து, "பெரியப்பா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கட்டிடறேன்" என்றான். வார்த்தை சொல்லாமல், நாமும் கூடப் போய் டாக்டரையே நேரில் கேட்டோம். மூச்சு வாங்குவது நிற்குமா என்று கேட்டதற்கு அவர் தயங்காமல், "நிற்காது. மூச்சுக்கு மாத்திரைதான். இது திடீர் மரணத்துக்குக் காவல் மட்டும்" என்றார். பில் அறையில் சொன்னது ஒன்று, டாக்டர் சொன்னது வேறு! டாக்டர் நேர்மையாகச் சொன்னார். ஆனால் நாம் கேட்காமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் எதை வாங்குகிறோம் என்று தெரியாமலே வாங்கியிருக்கும்.

விஷயம் புரிந்த பிறகு முடிவை அவரே எடுத்தார். "அண்ணாச்சி, மூச்சு வாங்கினா வாங்கட்டும். பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி தூக்கத்துல போயிடக் கூடாது" என்றார். வைத்தார்கள். நான்கு மாதத்தில் இன்னொரு கூத்து. மெஷின்தான் இருக்கிறதே என்று மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். கால் இரண்டும் வீங்கி மறுபடி அட்மிட் ஆனார். வாட்ச்மேனைப் போட்டுவிட்டு லோடுமேனுக்குச் சம்பளத்தை நிறுத்திய கதை. மாத்திரை ஒழுங்கான பிறகு தேறினார். அடுத்த வருடம் தீபாவளி வியாபாரத்தின்போது, கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர் கண் இருட்டி மேஜைமேல் சாய்ந்தார். கருவி ஒரு அடி அடித்தது. நெஞ்சில் குதிரை உதைத்தது போல் இருந்ததாம். கடைப் பையன்கள் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயந்து விலகி நின்றார்களாம். தொட்டால் ஒன்றும் ஆகாது. அதிகம் போனால் லேசாகச் சுள்ளென்று இருக்கும். மகள் கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுத்தார். நாமும் போய்ச் சாப்பிட்டு வந்தோம்.

இன்னொருவர் நம் நண்பரான எண்ணெய் மொத்த வியாபாரியின் துணைவியார். வயது 74. மாரடைப்பு எதுவும் வந்ததில்லை. அடைப்பும் இல்லை, ஆனால் இதயம் பெரிதாகிப் பலவீனமாகியிருந்தது. ஓரிடத்தில் சி.ஆர்.டி.-டி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு டாக்டரிடம் ஈ.சி.ஜி. தாளைக் காட்டியதில் அகலம் 160க்கு மேல். அவர், இந்த அம்மாளுக்கு வேண்டியது சேர்ந்து துடிக்க வைக்கும் வேலைதான், அதிர்ச்சி கொடுக்கும் பகுதி இந்த வயதில், இந்த வகை நோயில் அவசியமில்லை என்று விளக்கி, அதிர்ச்சி இல்லாத சி.ஆர்.டி.யை வைத்தார். விலையில் பெரிய வித்தியாசம். இப்போது அந்த அம்மாள் தெருக்கோடி பிள்ளையார் கோயிலுக்குத் தனியாக நடந்து போய் வருகிறார். ஐம்பது வயதுக்காரராக இருந்தால் அதே டாக்டர் வேறு விதமாகச் சொல்லியிருக்கக்கூடும்.

நமக்குக் கணக்காகச் சொன்னால்தான் விளங்கும். 2002இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், மாரடைப்புக்குப் பிறகு இ.எஃப். 30க்குள் இருந்த 1,232 பேரைச் சராசரியாக 20 மாதம் கவனித்தார்கள். ஐ.சி.டி. இல்லாதவர்களில் நூற்றுக்கு 20 பேர் இறந்தார்கள். இருந்தவர்களில் நூற்றுக்கு 14 பேர். ஆக, நூறு பேருக்கு வைத்ததில் அந்தக் காலத்துக்குள் ஆறு உயிர் மிஞ்சியது. ஆறுதானா என்று கேட்கலாம். தீ இன்சூரன்ஸ் கட்டும் நூறு குடோனில் எத்தனை எரிகிறது? 2005இல் வந்த சி.ஆர்.டி. ஆராய்ச்சியில் 813 பேர், சராசரி 29 மாதம். கருவி இல்லாதவர்களில் நூற்றுக்கு 30 பேரும் இருந்தவர்களில் 20 பேரும் இறந்தார்கள். அந்தக் கருவிகளில் அதிர்ச்சி கொடுக்கும் பகுதியே கிடையாது. 2016இல் டென்மார்க் நாட்டில், அடைப்பு இல்லாமல் பலவீனமான இதயம் உள்ள 1,116 பேரை ஐந்து வருடத்துக்கும் மேலாகப் பார்த்தார்கள். ஐ.சி.டி. வைத்தவர்களில் திடீர் மரணம் பாதியாகக் குறைந்தது. ஆனால் மொத்த மரணம் நூற்றுக்கு 23க்குப் பதில் 22. ஏறக்குறைய ஒன்றுதான். வயது குறைந்தவர்களுக்கு மட்டும் லாபம் தெரிந்தது. அதனால்தான் அடைப்பால் வந்த பலவீனமா, வேறு காரணமா என்ற கேள்விக்கு இவ்வளவு மதிப்பு.

அவசரப்படக் கூடாத விஷயமும் ஒன்று உண்டு. மாரடைப்பு வந்த உடனே எடுத்த எக்கோவை வைத்துக் காவலுக்காக ஐ.சி.டி. வைப்பதில் பயன் இல்லை என்று 2004இல் தெரிந்துவிட்டது. குறைந்தது 40 நாள் கழித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவர்களுக்கும் சரியான மாத்திரைகளைச் சரியான அளவில் மூன்று மாதமாவது கொடுத்துப் பார்த்து, மறுபடி எக்கோ எடுத்துவிட்டே முடிவு செய்கிறார்கள். இப்போது இதற்கு நான்கு வகை மாத்திரைகள் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. அவற்றில் டாபாக்ளிஃப்ளோசின் சர்க்கரைக்கு என்று வந்தது. சாக்குபிட்ரில்-வல்சார்டான் என்பதற்கும் காப்புரிமை முடிந்து நம் நாட்டுக் கம்பெனிகளே செய்வதால் விலை நன்றாக இறங்கிவிட்டது. இவற்றிலேயே இ.எஃப். 35ஐத் தாண்டிக் கருவி வேண்டாமென்று ஆனவர்கள் உண்டு. ஏற்கனவே ஒரு தடவை தாறுமாறு துடிப்பு வந்து பிழைத்தவர்களுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது.

வாங்குவது என்று ஆனபின் நம் புத்தியைக் காட்ட வேண்டியதுதான். 1-4-2020 முதல் மருத்துவக் கருவிகள் எல்லாம் சட்டப்படி மருந்துக் கணக்கில் வருகின்றன. பாக்கெட்டில் எம்.ஆர்.பி. இருக்கும். அதை ஒரு வருடத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. மாடல் எண், சீரியல் எண், பெட்டிக்கு எத்தனை வருட வாரண்டி, ஒயருக்கு எத்தனை வருடம், பேட்டரி எவ்வளவு காலம் வரும் என்று கேளுங்கள். ஐ.சி.டி. ஏழெட்டு முதல் பத்து வருடம் வரை வரலாம், சி.ஆர்.டி.-டி அதற்குக் குறைவாகவும் வரலாம். பேட்டரி தீர்ந்தால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, பெட்டியையே மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் இன்றே மனதில் வைக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் போகக்கூடிய மாடலா என்பதையும் கேட்பது நல்லது. கருவியின் ஸ்டிக்கரும் ஒரிஜினல் பில்லும் இல்லாமல் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்காது. நம் கடைகளில் வேலை பார்க்கும் தம்பிகளின் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அவர்களுக்கு உண்டு. எந்தக் கருவி அதில் அடங்கும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள அந்தத் திட்டத்தின் கவுன்டரில் விசாரிக்கலாம்.

வைத்த பிறகு நான்கு முதல் ஆறு வாரம் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எட்டி எடுக்கும் பழக்கத்தை விட வேண்டும். மூட்டையைத் தொடவே கூடாது. ஒயர் இடம் நகர்ந்துவிட்டால் மறுபடி ஆபரேஷன். கீறல் போட்ட இடம் சிவந்தாலோ நீர் கசிந்தாலோ மஞ்சள் பற்றுப் போடாமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். கிருமி உள்ளே போய்விட்டால் கருவி முழுவதையும் எடுக்க வேண்டிவரும். செல்போனை இடது சட்டைப் பையில் வைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். கருவிக்கும் போனுக்கும் அரை அடியாவது இடைவெளி வேண்டும். மின் தராசு, பில் மெஷின், மிக்ஸி இவற்றால் பாதகம் இல்லை. இண்டக்ஷன் அடுப்பிலிருந்தும் மாவு மில் மோட்டாரிலிருந்தும் இரண்டு அடி தள்ளி நிற்கலாம். கடையில் ஃபிரிட்ஜைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறதா? முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள். கசியும் மின்சாரத்தைத் தாறுமாறு துடிப்பு என்று நினைத்துக் கருவி வீணாக அதிர்ச்சி கொடுத்த சம்பவங்கள் உண்டு. ஒரு அதிர்ச்சி வந்து உடம்பு சரியாக இருந்தால் டாக்டருக்குப் போன் செய்தால் போதும். அடுத்தடுத்து இரண்டு வந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி இருந்தாலோ உடனே 108ஐக் கூப்பிட வேண்டும்.

பேசத் தயங்கும் விஷயம் ஒன்று பாக்கி. வேறு நோயால், அல்லது இதயமே முழுவதும் தளர்ந்து, ஒருவர் கடைசி நாட்களில் படுத்திருக்கும்போது ஐ.சி.டி. தன் கடமையைச் செய்துகொண்டே இருக்கும். பிரியும் உயிரை அது அதிர்ச்சி கொடுத்துத் தொந்தரவு செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது மிகவும் கொடுமை. அதிர்ச்சி கொடுக்கும் பகுதியை மட்டும் நிறுத்திவைக்க முடியும். கத்தி வேண்டாம், வெளியிலிருந்தே கம்ப்யூட்டர் வைத்துச் சில நிமிடங்களில் செய்துவிடுவார்கள். அதனால் உயிர் உடனே போகாது. நோயாளி தெளிவாக இருக்கும்போதே இதை டாக்டரிடமும் வீட்டிலும் பேசி வைப்பது உத்தமம். நம் மளிகைக்காரர் தம் மகனிடம் பேசிவிட்டார்.

காலமான பிறகு தகனம் செய்வதாக இருந்தால் கருவியை எடுத்துவிட்டே செய்ய வேண்டும். பேட்டரி நெருப்பில் வெடிக்கும். மின் மயானத்தில் உலை சேதமாவதோடு அங்கே வேலை செய்பவர்களுக்கும் ஆபத்து. இறப்புச் சான்று எழுதும் டாக்டரிடம் கருவி இருப்பதைச் சொன்னால் எடுக்க ஏற்பாடு செய்வார். சிறு கீறல், சில நிமிட வேலை. புதைப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.